ஏழு நாளுக்கு எழுதியவர்

எங்களிடம் வந்த யாரிடமும் அவர் முதலில் பெயரைக் கேட்டதில்லை. ஊர், வயது, தொழில் எல்லாம் அப்புறம்தான். வந்தவர் நாற்காலியில் முழுசாக உட்கார்வதற்குள் கேள்வி வந்துவிடும்.

“கடைசியா எத்தினி மணிக்கு குட்ச்சீங்க?”

கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆவதற்கு ரொம்ப முன்னால், கைபேசி என்ற ஒன்றை யாரும் பார்த்திராத காலம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பத்துக் கட்டில் போட்ட ஒரு குடிமீட்பு இல்லம் இருந்தது. ஏதோ ஓர் அறக்கட்டளை நடத்தியது. நான் அங்கே நர்சுக்கு உதவியாள். முறையாகப் படித்தவள் இல்லை, ஆனாலும் எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்தான் எங்கள் மேடம். சேர்க்க வருகிறவர்களை விசாரித்து, நிலைமை எந்த அளவில் இருக்கிறது, என்ன வைத்தியம், எத்தனை நாள் என்று ஒரு தாளில் திட்டம் எழுதுவது அவர் வேலை. வாரத்துக்கு இரண்டு தடவை வரும் டாக்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் மாத்திரை எழுதுவார். அவசரம் என்றால் மேடமே தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப் போய் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வருவார்.

நேரம் கேட்டால் மட்டும் போதுமா? வருகிறவர்களில் பாதிப் பேரிடம் கைக்கடிகாரம் கிடையாது. இருந்தவர்கள் அதை எப்போதோ குடித்துத் தீர்த்திருப்பார்கள். “காலையிலதாம்மா” என்பார்கள். காலை என்பது அவருக்கு ஒரு பதிலே இல்லை. கரும்பு ஆலைச் சங்கு ஊதும் முன்பா பின்பா, அப்போது மாடு கட்டுத்தறியில் நின்றதா, ரேஷன் கடை திறந்திருந்ததா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருவில் போனார்களா என்று விடாமல் கேட்பார். அவருடைய நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருந்தது. எந்த பஸ் எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்டும், எந்த ஊர்ப் பள்ளியில் மணி எப்போது, பள்ளிவாசலில் பாங்கு எப்போது, எல்லாம் பொடிப்பொடி எழுத்தில். கல்வராயன் மலை ஊர்களுக்குத் தனிப் பக்கம். வெள்ளிமலைக்குப் போகிற பஸ் ஏறும்போது ஒரு நேரம், இறங்கும்போது ஒரு நேரம். பஸ் நேரம் மாறினால் நேரே ஸ்டாண்டுக்குப் போய் கண்டக்டரைப் பிடித்துக் கேட்டுத் திருத்தி எழுதுவார். டெப்போவில் நேரம் தெரியாவிட்டால் உங்களைத்தான் வந்து கேட்கப் போகிறார்கள் என்று நான் கிண்டல் செய்வேன். சிரிக்க மாட்டார். அது அவருக்குச் சிரிக்கிற விஷயமே இல்லை.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. நாள் முழுக்கக் குடித்துப் பழகிய உடம்பு, கடைசி டம்ளர் இறங்கிய நேரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். சாயங்காலத்துக்குள் கை நடுங்கும். மறுநாள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் புத்தி தடுமாறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மருந்து கொடுத்து மெல்ல இறக்காவிட்டால் ஆளே போய்விடலாம். ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் சாக்பீஸால் அந்தக் கடைசி டம்ளர் நேரத்தை எழுதியிருப்பார். மூன்றாம் நாளைத் தொட்டவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்து மற்ற வேலைகளைப் பார்ப்பார்.

அழைத்து வருகிற குடும்பத்தாரிடம் தவறாமல் ஒன்று சொல்வார்.

“நிறுத்தறதுன்னா இங்க கூட்டினு வந்து நிறுத்துங்க. வூட்ல வெச்சி நிறுத்தாதீங்க.”

கேட்பவர்களுக்கு இது சாராயக் கடைக்காரன் பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு தடவை மருமகனை அழைத்து வந்த பெரியவர் ஒருவர், நிறுத்தாதே என்று சொல்வதற்குத்தான் இங்கே உத்தியோகமா என்று சத்தம் போட்டுவிட்டு, மருமகனை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டார். மேடம் வாசல் வரை பின்னாலேயே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து நோட்டில் அந்த ஊர்ப் பெயரை எழுதி, மூன்று நாள் தள்ளி ஒரு தேதி போட்டார். அந்தத் தேதியில் அந்த ஊர் பஸ்ஸில் போய் எட்டிப் பார்த்துவிட்டும் வந்தார். மருமகன் அன்றைக்கு நன்றாகக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தானாம். “உசுரோட இருக்கான்” என்று மட்டும் என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் நான் பார்த்த நிம்மதிகளில் அது ஒன்று.

ஆள் பார்க்க எப்படி என்றால், ஒல்லி, கருப்பு, தடித்த கண்ணாடி. கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். திருக்கோவிலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். மத்தியானம் தயிர் சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார், தொட்டுக்கொள்ள என் வீட்டு ஊறுகாய். அவர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் பதிலுக்கு என்னை உட்கார வைத்து விசாரித்துவிடுவாரோ என்று ஒரு பயம்.

விசாரிப்பது என்றால் அப்படி ஒரு விசாரணை. கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைப்பார். தாள் படபடத்தால் போதும், வாய் சொல்வதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணை இழுத்துப் பார்ப்பார். சாராயம் பாக்கெட்டா, டம்ளரா, சொம்பா? எழுந்ததும் வேண்டுமா, பல் விளக்கின பிறகா? இதற்கு முன் வலிப்பு வந்ததுண்டா? வீட்டில் குடிக்காத ஆள் யார், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது யார்? சாராயம் மட்டும் இல்லை. வலி மாத்திரையை வேர்க்கடலை மாதிரி மென்று பழகிய ஒரு லாரி டிரைவர் வந்தபோது, மாத்திரையின் நிறம், அட்டையின் நிறம், எந்த ஊரில் எந்தக் கடையில் வாங்குவது வரைக்கும் கேட்டு எழுதினார். டிரைவர் கடைசியில், போலீஸ்கூட இத்தனை கேட்டதில்லை என்று கும்பிட்டார்.

அந்தத் தாளின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, தகவல் சொன்னவர் யார், அவர் சொல்வதை நம்பலாமா என்பது. இதில் அவருக்கு உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன. மனைவி என்றால் பெரும்பாலும் ‘நம்பலாம்’. அம்மா என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘நம்ப முடியாது’. எல்லாரும் கம்மியாகத்தான் சொல்வார்கள், அதிலும் பெற்றவள் ரொம்பக் கம்மியாகச் சொல்வாள் என்பார். அம்மா ‘எப்பவாச்சும்’ என்றால் தினமும் என்று எழுதிக்கொள்வார். ‘ஒரு பாக்கெட்’ என்றால் மூன்று என்று போடுவார். இந்தக் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் இதைச் சொல்லி ஜாடையில் சிரித்துக்கொண்டதுண்டு. அந்த வகையில் சிரிப்பார்.

இன்னொரு கட்டம் ‘முடிவு’. மற்ற இடங்களில் அதில் ‘குணம்’ என்று எழுதுவார்கள். இவர் எழுதியதில்லை. ஒருவர் வீட்டுக்குப் போகும் நாளில் ‘போனார்’ என்று எழுதுவார். அவரே மறுபடி வந்தால் கீழே ‘வந்தார்’. சில தாள்களில் இடம் போதாமல் பின்பக்கம் வரைக்கும் போனார், வந்தார், போனார், வந்தார். அறக்கட்டளையின் மேனேஜர் இதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறார். பணம் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் குணமானார்கள் என்றுதானே கேட்கிறார்கள், நான் என்ன பஸ் டிக்கெட்டா காட்ட முடியும் என்றார். மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, போனதைப் பார்த்தேன், குணமானதைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

திட்டத்தில் நாள் கணக்கும் அப்படித்தான். ஏழு நாள். நாளுக்கு நாள் குறைக்க வேண்டிய மாத்திரைகள், வைட்டமின் ஊசி, சாப்பாடு, தூக்கம், எல்லாம் ஏழு நாளுக்குப் பிசிறில்லாமல் இருக்கும். எட்டாம் நாளுக்கு ‘வந்து பார்க்கச் சொன்னது’ என்று ஒரு வரி. அதற்கு மேல் வெள்ளைத்தாள்.

மலையிலிருந்து ஒருவர் வருவார். சாமையும் தினையும் போடுகிற துண்டு நிலம், அது விளையாத மாதங்களில் காட்டுக்குள் வெல்ல மூட்டை சுமப்பது. வெல்லம் எதற்குக் காட்டுக்குள் போகிறது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. கூலியில் பாதி அங்கேயே கொதிக்கக் கொதிக்கச் சாராயமாகக் கிடைத்துவிடும். அவர் மனைவி அவரைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றி அழைத்து வருவாள். முதல் தடவை கடைசி டம்ளர் எப்போது என்று கேட்டதற்கு, பஸ் கீழே போனதுக்கப்புறம் நாய்க்குச் சோறு வைத்த நேரம் என்றாள். மேடம் நோட்டைப் புரட்டி, நாய்க்கு எப்போதும் எதற்குப் பின் சோறு வைப்பாள் என்று கேட்டு, அரை மணி இந்தப் பக்கம் அந்தப் பக்கமாகக் கண்டுபிடித்துவிட்டார். அந்த அம்மாள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

“சரியாயிடுவாராம்மா?”

“ஏழு நாளிக்கு எழுதியிருக்கேன்மா.”

அவளுக்கு அது விளங்கவில்லை. இரண்டாம் தடவை வந்தபோதும் அதையே கேட்டாள், அதே பதில். அந்தத் தடவை மேடம் ஒரு ஆசையில், திட்டத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதினார். ‘மூட்டை சுமக்கும் வேலையை விடுவது.’ எழுதிவிட்டு அதைப் படித்துக் காட்டினார். மலைக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“வேற வேல இன்னா இருக்குதும்மா எங்க ஊர்ல?”

மேடம் பேனாவை மூடினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு பஸ் ஏறிப் போய் அவர் வீட்டையும் ஊரையும் பார்த்துவிட்டு வந்தார். திங்கள் காலையில் வந்ததும் தாளை எடுத்து அந்த வரியை அடித்தார். செய்ய முடியாததை எழுதி வைப்பது அவருக்குப் பொய் சாட்சி சொல்கிற மாதிரி.

எனக்கு அவர் மேல் பிரியமும் உண்டு, ஆத்திரமும் உண்டு. இரண்டும் ஒரே காரணத்தால்தான். ஒரு வாய்ச்சொல்லுக்குக்கூட நம்பிக்கை தராத மனுஷி. வருகிறவர்கள் வயிற்றில் பால் வார்க்கிற மாதிரி ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று பலதடவை நினைத்திருக்கிறேன். அந்த இல்லம் இப்போது இல்லை, செல்போன் கடை ஆகிவிட்டது. அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே தெரியாது. ஆனாலும் அவரோடு எனக்குள் நடக்கிற இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு வடக்கனந்தல். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அதே ஊர். அண்ணன் பக்கத்துத் தெரு. கரும்பு வெட்டி, லோடு ஏற்றுகிற கூலி. தினம் காலையில் வெட்டுக்கத்தியோடு என் வீட்டு வாசல் வழியாகப் போவார். போகும்போது, “தங்கச்சி, பஸ்ஸுக்கு நேரமாவுது” என்று ஒரு குரல். அது கேட்டால் நான் கொண்டையைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்தக் குரலுக்கு முன்பே உள்ளே ஒரு பாக்கெட் போயிருக்கும். போகாவிட்டால் கத்தியைப் பிடிக்கக் கை நிற்காது. எழுந்ததும் வேண்டுமா என்று தாளில் கேட்கிற கேள்விக்கு என் அண்ணன்தான் விடை. எனக்கு அது தெரியாமல் இல்லை.

ஒரு நாள் துணிந்து மேடத்திடம் சொன்னேன். கூட்டிக்கொண்டு வந்தால் சரியாகிவிடுவாரா என்று கேட்டேன். நான் வேற்றாள் இல்லையே, கூடவே நின்று ஊசிக்கு வெந்நீர் வைக்கிறவள், எனக்காவது வேறு பதில் இருக்கும் என்று நினைத்தேன்.

“ஏழு நாளு சாவாம பாத்துக்கலாம், சிஸ்டர். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது.”

ஒரு மாதம் அவருக்கு நான் ஊறுகாய் கொண்டு போகவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்றுகூடத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் அண்ணன் எப்படி என்று கேட்பார். குடித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பேன். சரி என்பார். அழைத்து வாருங்கள் என்று வாரம் ஒரு தடவை சொல்வார். நான் தலையாட்டுவேன். அண்ணனிடம் போய் எதைச் சொல்லி அழைப்பேன்? ஏழு நாள் சாகாமல் இருக்கலாம் வா என்றா?

அப்போதுதான் அண்ணி கயிறு விஷயத்தைச் சொன்னாள். ஆற்றோரத்தில் ஒரு முனியப்பன் கோயில். அமாவாசையன்று அங்கே குடிகாரர்களுக்குக் கயிறு கட்டுவார்கள். கட்டிக்கொண்டால் ஒரு வருஷம் தொடக்கூடாது, தொட்டால் குடும்பத்தில் ஒரு உயிர் போகும் என்று பயம். நானும் போனேன். பூசாரி வாட்டசாட்டமான ஆள். ஒரு வருஷம் என்று அவர் சொன்ன சொல்லில் துளி சந்தேகமில்லை. ஏழு நாளையே கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன என் காதுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இன்னொரு கட்டளையும் போட்டார். முதல் ஐந்து நாள் ஆஸ்பத்திரி மருந்து எதுவும் நாக்கில் படக்கூடாது, இங்கிலீஷ் மருந்து எல்லாவற்றிலும் ஸ்பிரிட் கலந்திருக்கிறது, பட்டால் கயிறு அறுந்ததாக அர்த்தம். டானிக் பாட்டிலை மோந்து பார்த்த எவருக்கும் அது நியாயமாகத்தான் படும். மாத்திரையில் ஸ்பிரிட் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அண்ணன் கோயிலுக்குப் பின்னால் போய் ஒரு பாக்கெட்டை முடித்தார். இன்னொன்றைச் சாமி காலடியில் கவிழ்த்தார். உச்சி பூசை மணி அடித்துக்கொண்டிருக்கும்போது பூசாரி அவர் வலது மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றினார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க மேடத்துகிட்ட சொல்லு, தங்கச்சி. கடைசி டம்ளர் உச்சி பூசைக்குன்னு.”

மறுநாள் காலையில் மேடம் வழக்கம்போலக் கேட்டார். நான் சொன்ன பதிலும் வழக்கமானதுதான்.

“அப்டியேதான் மேடம். குட்ச்சிக்கினுதான் இருக்காரு.”

அவர் சரி என்று நோட்டுக்குத் திரும்பிவிட்டார். குடிக்கவே இல்லை என்று புளுகுகிறவர்களை ஆயிரம் பேர் பார்த்தவர். குடிப்பதாகப் பொய் சொல்கிற ஒருத்தியை அவர் அதுவரை பார்த்ததில்லை. நான் உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே பஸ் ஏறி வந்து மாத்திரையை வாயில் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். கயிறு அறுந்துவிடும். மேடத்திடம் சொல்லக்கூடாது என்று அண்ணி என் தலையில் அடித்து சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. எனக்கே அந்த ஒரு வருஷம் வேண்டியிருந்தது, அதுதான் நிஜம்.

வீட்டில் அண்ணனுக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. கை நடுக்கத்தில் கஞ்சி டம்ளர் பிடிக்க முடியவில்லை. உடம்பிலிருக்கிற விஷம் இறங்குகிறது என்று அண்ணி சந்தோஷப்பட்டாள். இரண்டாம் நாள் வாந்தி, பொட்டுத் தூக்கமில்லை. அன்று காலையிலும் மேடம் கேட்டார், அன்றும் அதே பதிலைத்தான் சொன்னேன். மூன்றாம் நாளும் என் வாசலில் குரல் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது வேட்டியால் அவரைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். இல்லாத கரும்பைக் கட்டிக் கட்டி இல்லாத வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏத்துடா, சாயுதுடா என்று கூடவே ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். முனியப்பன் இறங்கிவிட்டார் என்று தெருவே வந்து கும்பிட்டது. பூசாரி அனுப்பிய திருநீறு நெற்றி நிறைய இருந்தது.

எங்கள் வார்டில் இதை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன். ஆடு மேய்க்கிறவர் ஆட்டை விரட்டுவார், டிரைவர் வண்டி ஓட்டுவார். இது என்ன, இதற்கு அடுத்து என்ன என்று எனக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். நான் பஸ் ஏறி வேலைக்குப் போனேன். மேடத்திடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவர் ஒரு மூன்றாம் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில், நடுங்குகிற ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவோரம் நின்றேன். என்ன சிஸ்டர் என்றார். இன்னும் இரண்டு நாள் தாண்டிவிட்டால் ஒரு வருஷம் என்று மனசு சொன்னது. ஒண்ணுமில்லை மேடம் என்றேன்.

மத்தியானம் தாங்க முடியாமல், சொல்லாமலே வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் ஒரு வலிப்பு வந்து போயிருந்தது. என் கண் முன்னால் இன்னொன்று வந்தது. அப்போது கிடைத்தது கரும்பு ஏற்றும் டிராக்டர்தான். தொட்டியில் வைக்கோலைப் போட்டுப் படுக்க வைத்தோம். கள்ளக்குறிச்சி எல்லைக்கு வரும் முன்பே என் மடியில் தலை தொய்ந்துவிட்டது. கையில் கயிறு அறுபடாமல் இருந்தது.

கருமாதி முடிந்து வேலைக்குப் போனேன். மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். பெயர் எழுதாமல், எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார்.

“கடைசியா எத்தினி மணிக்கு?”

“உச்சி பூசைக்கு. மணி அடிக்கறப்ப.”

அவர் நோட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அத்தனை சரியான பதில் சொன்னது நான் ஒருத்திதான். மேலே கேட்டுக்கொண்டே போனார். எவ்வளவு, எழுந்ததுமா, நடுக்கம் எப்போது, வலிப்பு எத்தனை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அழக்கூட இல்லை. கடைசியில் தகவல் சொன்னவர் கட்டத்தில் ‘தங்கை’ என்று எழுதினார். நம்பலாமா என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. தாளை என் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார்.

நான் ‘நம்ப முடியாது’ என்று எழுதினேன். தப்பாகப் படுவதை உடனே அடித்துத் திருத்துகிறவர் அவர். அதை அடிக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“சரியாயிடுவாருன்னு நான் ஒரு வார்த்த பொய் சொல்லியிருந்தா, அன்னிக்கே கூட்டினு வந்திருப்ப இல்ல?”

அவர் என்னை நீ என்று பேசியது அந்த ஒரு தடவைதான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். பேனாவை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்தார். ‘முடிவு’ கட்டத்தை வெறுமையாகவே விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் முதலில் மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நேரம். வேறு மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, அந்த மலைக்காரர் மறுபடி வரும் வரைக்கும்.

அவரை அந்தத் தடவை கைத்தாங்கலாக நடத்தி வர முடியவில்லை, இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கண் மஞ்சளாக, வயிறு உப்பிக் கிடந்தார். மேடம் மணிக்கட்டைப் பார்த்தார், நேரம் கேட்டார், தாளை விரலில் வைத்தார், நாக்கை நீட்டச் சொன்னார். எல்லாம் முறைப்படி நடந்தது. அவர் மனைவி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். பதில் தெரிந்திருந்தும் வாய் கேட்காமல் இருக்குமா?

“சரியாயிடுவாராம்மா?”

மேடம் தலையைத் தூக்கி முதலில் என்னைப் பார்த்தார். மருந்துத் தட்டோடு நான் கதவோரம் நின்றிருந்தேன். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார்.

“சரியாயிடுவாரும்மா. ஒண்ணும் கவலப்படாத.”

அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை தடவை பஸ் ஏறி வந்ததற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்தது என்று அழுதுகொண்டே சிரித்தாள். வெளியே நின்ற இரண்டு பேரிடமும் ஓடிப் போய்ச் சொன்னாள். மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து எழுதி முடித்து, தாளை என்னிடம் நீட்டினார். மாத்திரை எடுத்து வைப்பதற்காக நான் அதைப் படித்தேன். ஏழு நாளுக்குத்தான் எழுதியிருந்தார்.